கட்டாக்காலிக் குதிரைகள்: ஒரு கலைக்களஞ்சிய முன்னுரை பற்றிய குறிப்புகள்

மூன்று வாரமாக ஒரே ஒரு பத்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். மொத்தமே ஆறு வாக்கியம். ஆபீஸ் வேலையில் ஐந்நூறு வரி நிரலை ஒரு மதியத்தில் மாற்றி எழுதியிருக்கிறேன், இந்த ஆறு வாக்கியம் மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. விஷயம் குதிரை. வளர்ப்புக் குதிரையாக இருந்து, பிறகு ஆளில்லாமல் திரிந்து, தலைமுறை தலைமுறையாகத் தானே பெருகிவிட்ட குதிரைகளைப் பற்றி ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரைக்குத் தமிழில் முன்னுரை எழுத வேண்டும். யாரும் கேட்கவில்லை. நானாகப் போய் மாட்டிக்கொண்டது.

ஆரம்பம் கோடியக்கரை. போன லீவில் அரியலூரிலிருந்து கிளம்பி கும்பகோணம், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று குடும்பத்தோடு போயிருந்தோம். வெளிமான் பார்க்கத்தான் போனது. மான் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தது, குதிரை பக்கத்திலேயே நின்றது. குட்டையான மட்டக்குதிரைகள், நாலைந்து சேர்ந்து, தலையைத் தூக்காமல் மேய்ந்துகொண்டிருந்தன. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் குதிரை என்றால் அய்யனார் கோயில் வாசலில் நிற்கும் மண்குதிரைதான். அதனால் என் மகளுக்கு மானைவிட இதுதான் பெரிசாகப் பட்டது. "இது காட்டுக்குதிரையாப்பா?" என்றாள். "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். திரும்பி வரும் வழியில் அந்த "ஆமாம்" உறுத்த ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்து ஆங்கில விக்கிப்பீடியாவில் இந்தக் குதிரைகளுக்கான கட்டுரையைப் படித்தேன். நான் படித்த நாளில் இருந்த வடிவத்தை வைத்துத்தான் பேசுகிறேன், நாளைக்கே யாராவது மாற்றியிருக்கலாம். முதல் வாக்கியம் நன்றாக இருந்தது. வளர்ப்பு இனத்திலிருந்து வந்த, கட்டற்றுத் திரியும் குதிரை என்று நேரடியாகச் சொல்லிவிடுகிறது. இரண்டாவது வாக்கியம், இது உண்மையான பொருளில் காட்டு விலங்கு அல்ல என்கிறது. அடுத்தது, ஆனாலும் சில இடங்களில் இவற்றை வனவிலங்கு போலவே நிர்வகிக்கிறார்கள், மக்களும் அப்படியே அழைக்கிறார்கள் என்கிறது. அப்புறம்தான் இவை எப்படி வந்தன என்ற செய்தி: வழிதவறியவை, தப்பியவை, வேண்டுமென்றே விடப்பட்டவை.

ஆங்கிலத்தில் இது சரியான முன்னுரைதான். நான் குறையாகப் பார்ப்பது இரண்டு. ஒன்று, "இது என்ன இல்லை" என்பதைச் சொல்ல ஒரு முழு வாக்கியம் செலவாகிறது, "இது எப்படி வந்தது" என்பது பின்னால் தள்ளப்படுகிறது. வாசகருக்கு முதலில் வேண்டியது வந்த வழி. அதைச் சொல்லிவிட்டால் காட்டு விலங்கு இல்லை என்பது தானாகவே விளங்கிவிடும். இரண்டு, கட்டுரை முழுக்க அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும்தான் கண்ணில் படுகின்றன. வேதாரண்யத்துக்காரர் படித்தால் இது தன் ஊர்ச் சமாசாரம் என்று தோன்றவே தோன்றாது.

ஆனால் இதை அப்படியே தமிழில் கொண்டுவந்தால் வேறொரு சிக்கல் முளைக்கிறது, அது ஆங்கிலத்தில் இல்லாதது. தலைப்பிலேயே சிக்கல். என் முதல் வரைவில் "காட்டுக்குதிரை" என்றுதான் போட்டேன். செய்தித்தாள்களிலும் அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறேன். எழுதி முடித்துப் படித்தால், முதல் வாக்கியம் தலைப்போடு சண்டை போடுகிறது. காட்டுக்குதிரை என்பது காட்டு விலங்கு அல்லாத குதிரை ஆகும். இப்படி ஒரு வரியை எழுதினால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் சிரிக்கும்.

தமிழில் "காட்டு" என்ற முன்னொட்டு என்ன வேலை செய்கிறது என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன். காட்டுப்பன்றி, காட்டுக்கோழி, காட்டுப்பூனை, காட்டெருமை. எதுவுமே வீட்டிலிருந்து காட்டுக்குப் போனது இல்லை. எப்போதும் காட்டிலேயே இருப்பவை. இன்னும் பார்த்தால், காட்டெருமை எருமையே அல்ல, அது மாட்டுப் பேரினத்தைச் சேர்ந்தது. எங்கள் பக்கம் வேலியோரம் நிற்கும் காட்டாமணக்கும் ஆமணக்கு அல்ல. ஆக, தமிழில் "காட்டு" என்று போட்டால் "வளர்ப்பினத்தைப் போல இருக்கும், ஆனால் வேறு" என்ற பொருள்தான் கிடைக்கிறது. கோடியக்கரைக் குதிரைக்கு இது தலைகீழ். அது வேறு ஒன்றுமே இல்லை, வண்டியில் பூட்டுகிற குதிரையின் அதே இனம். மகளிடம் நான் சொன்ன "ஆமாம்" ஏன் உறுத்தியது என்பது இங்கேதான் பிடிபட்டது.

உண்மையான காட்டுக்குதிரை என்று ஒன்று இருக்கிறதா என்றால், அது ஒரு தனிக் கதை. மங்கோலியாவில் தாக்கி என்று அழைக்கும் குதிரையை, பிரெவால்ஸ்கி குதிரை என்று, கடைசியாக மிஞ்சிய காட்டுக்குதிரை என்றுதான் பல காலமாக எழுதிவந்தார்கள். 1969க்குப் பிறகு அது வெட்டவெளியில் தென்படவில்லை. விலங்குக் காட்சியகங்களில் பெருக்கி, 1992 முதல் மங்கோலியாவில் திரும்ப விட்டார்கள். 2018ல் ஒரு மரபணு ஆய்வு வந்து, இதுவும் கசகஸ்தானின் போட்டாய் மக்கள் சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன் வளர்த்த குதிரைகளின் வாரிசுதான் என்றது. அப்படியானால் உலகத்தில் காட்டுக்குதிரையே கிடையாது. 2021ல் வேறு இரண்டு ஆய்வாளர்கள், போட்டாய்க் குதிரைகளை மனிதர் வளர்த்தார்கள் என்பதற்கே சான்று போதாது என்று எழுதினார்கள். அப்படியானால் தாக்கி மறுபடியும் காட்டுக்குதிரை. மூன்றே வருஷத்தில் இரண்டு முறை கட்சி மாறிவிட்டது.

இதிலிருந்து எனக்குக் கிடைத்தது எழுத்து சம்பந்தப்பட்ட ஒரு பாடம். கோடியக்கரைக் குதிரையை விளக்க, "மங்கோலியாவில் உள்ளதே ஒரே உண்மையான காட்டுக்குதிரை, இவை அப்படி அல்ல" என்று முன்னுரை எழுதினால், மங்கோலியா பற்றிய அடுத்த ஆய்வு வரும்போது நம் வாக்கியமும் உடையும். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் தேவையில்லாத சார்பு. நம் கையில் இல்லாத ஒன்றின் மேல் நம் வரியை ஏன் சாய்த்து வைக்க வேண்டும்? பிரெவால்ஸ்கி கட்டுரைக்குள்ளே இருக்கட்டும், முன்னுரையில் வேண்டாம் என்று முடிவு செய்து ஒரு வாக்கியத்தை வெட்டினேன். அதுதான் பல நாள் பிரியமாக வைத்திருந்த வாக்கியம்.

சரி, பெயர்? இலங்கைத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது: கட்டாக்காலி. யாழ்ப்பாணத்துச் செய்திகளில் கட்டாக்காலி மாடுகளால் பயிர் அழிவு, கட்டாக்காலி நாய்களால் தொல்லை என்று அடிக்கடி வரும். அங்கே நெடுந்தீவில், ஒல்லாந்தர் டெல்ஃப்ட் என்று பெயர் வைத்த சுமார் 50 சதுர கிலோமீட்டர் தீவில், ஆளில்லாக் குதிரைகள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. போர்த்துக்கீசியர் கொண்டுவந்தவை, ஒல்லாந்தர் பெருக்கியவை என்று சொல்லப்படுகிறது. கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகளுக்கு நடுவே அவை மேயும் படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

இந்தச் சொல்லை எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியரிடம் கொண்டுபோனேன். ஜெயங்கொண்டத்துக்காரர், என் வரைவுகளைப் படித்துச் சிவப்பு மையில் கிறுக்கித் தருகிற ஒரே ஆள். படித்ததும், "தம்பி, கட்டாக்காலின்னா நம்ம பக்கம் யாருக்குத் தெரியும்? காலியா இருக்குன்னு நெனச்சுக்குவாங்க" என்றார். "நீங்க சொல்லுங்கய்யா, வேற என்ன போடலாம்?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவரே, "கன்னுகாலின்னு சொல்றோமில்ல, அந்தக் காலிதான இது?" என்றார். அதேதான். காலி என்றால் மாடு, மாட்டுக் கூட்டம். கன்றுகாலி என்று நம் ஊரிலும் பேச்சில் இருக்கிறது. கட்டாத காலி, கட்டாக்காலி. பிரித்துக் காட்டினால் அரியலூர்க்காரருக்கும் உடனே விளங்கும்.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. "மாட்டுக்குள்ள சொல்ல குதிரைக்குப் போடலாமா?" என்றார். இதற்கு என்னிடம் ஒரு வேடிக்கையான பதில் இருந்தது. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தில், கால்நடை என்றால் என்னவென்று ஒரு விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். அதில் யானை, ஒட்டகம், எருமை, குதிரை, மட்டக்குதிரை, கழுதை, பன்றி, ஆடு எல்லாமே அடக்கம். அடுத்தவன் கொல்லையில் மேய்ந்தால் பவுண்டில் அடைக்கிற விஷயத்தில் வெள்ளைக்காரனுக்கு யானையும் மாடும் ஒன்றுதான். சட்டமே சேர்த்துவிட்டபோது நாம் சேர்க்கக் கூடாதா என்றேன். சிரித்தார், சம்மதித்த மாதிரி தெரியவில்லை.

நியாயமான ஒரு குறை இந்தச் சொல்லில் உண்டு. கட்டாக்காலி மாட்டுக்கு எங்கேயோ ஒரு சொந்தக்காரர் இருப்பார். சாயங்காலம் தேடி வருவார், அல்லது அபராதம் கட்டி மீட்பார். கோடியக்கரைக் குதிரைக்கு அப்படி யாரும் இல்லை. அதன் அம்மாவுக்கும் இல்லை, பாட்டிக்கும் இல்லை. ஆங்கிலத்தில் இந்த இரண்டு நிலைக்கும் இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள், நம்மிடம் ஒன்றுதான். அதனால் தலைப்பு பாதி வேலையைத்தான் செய்யும், மீதியை முதல் வாக்கியம் செய்தாக வேண்டும். "இனம்பெருக்கும்" என்ற சொல் முதல் வாக்கியத்திலேயே வர வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பது இதனால்தான். தெருவில் திரியும் ஒற்றைக் குதிரை இந்தக் கட்டுரைக்குள் வராது.

ஊருக்குப் போனபோது அப்பாவிடமும் கேட்டேன். வேப்பந்தட்டைப் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறவர். கலைக்களஞ்சியம் பற்றியெல்லாம் அவருக்கு அக்கறை கிடையாது. கோடியக்கரைப் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல என்னப்பா கஷ்டம்? அவுத்து விட்ட குதிரை, அவ்ளோதான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. அவிழ்த்துவிட்டது என்றால் அவிழ்த்த ஒரு கை உண்டு. நான் படித்த ஆங்கில முன்னுரையிலும் சரி, அதைப் பார்த்து நான் எழுதியதிலும் சரி, அந்தக் கை தெரியவே இல்லை. வழிதவறின, தப்பின, விடப்பட்டன. எல்லாம் குதிரையின் செயல், இல்லையென்றால் செய்தவர் பெயரில்லாத செயல். அப்பா பேச்சில் மனிதன் முதலில் வருகிறான். போன பட்டத்தில் உதிர்ந்த சோளம் இந்தப் பட்டத்துப் பருத்திக்குள் தானாக முளைத்து நின்றால், அதை அவர் காட்டுச்சோளம் என்று சொல்வதில்லை. யார் விதைத்தது, எந்த வருஷத்து விதை என்பது வரைக்கும் தெரியும். இரண்டாவது வாக்கியத்தை அன்றைக்கு ராத்திரி மாற்றினேன்.

இதெல்லாம் வெறும் சொல் சண்டை என்று தோன்றலாம். கோடியக்கரையில் அப்படி இல்லை. அந்தச் சரணாலயம் 1967ல் அமைந்ததே வெளிமானுக்காகத்தான். வெளிமானுக்கு வேண்டியது திறந்த புல்வெளி. அது ஏற்கெனவே சீமைக்கருவேலம் ஏறி ஏறிச் சுருங்குகிறது. மிச்சமிருப்பதில் குதிரையும் மேய்கிறது. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே புல்லுக்கு எவ்வளவு தூரம் போட்டியிடுகின்றன என்று மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2016ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உள்நாட்டு விலங்குக்கும் வெளியிலிருந்து வந்ததற்கும் இடையிலான போட்டி என்று தலைப்பிலேயே சொல்கிறார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது. கட்ச் பாலையின் காட்டுக்கழுதையும் அதே அட்டவணைதான். குதிரை எந்த அட்டவணையிலும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அது சரணாலயத்துக்குள் நிற்கும் வளர்ப்பு விலங்கு, ஆனால் வளர்ப்பவர் இல்லை.

இப்போது "காட்டுக்குதிரை" என்ற சொல்லைப் பழையபடி போட்டுப் பாருங்கள். காட்டுக்குதிரை காட்டில் இருக்கிறது, மானும் காட்டில் இருக்கிறது, இதில் என்ன பிரச்சினை என்றுதான் படிக்கிறவர் கேட்பார். குதிரையை அப்புறப்படுத்த வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அவர் கொடுமைக்காரராகத் தெரிவார். சரி, எதிர்ப்பக்கம் போய் "அயல் ஊடுருவி" என்று எழுதினால்? குதிரையைச் சுட்டாலும் தப்பில்லை என்று ஆகிவிடும். தலைப்புச் சொல்லே தீர்ப்பையும் எழுதிவிடுகிறது.

வெளிநாடுகளில் இது நன்றாகவே தெரிகிறது. அமெரிக்கா 1971ல் ஒரு தனிச் சட்டம் போட்டு, மேற்கு மாநிலங்களின் பொது நிலங்களில் திரியும் குதிரைகளையும் கழுதைகளையும் பாதுகாத்தது. சட்டத்தின் பெயரிலேயே அவற்றைக் காட்டுக்குதிரை என்றுதான் அழைத்தார்கள். அங்கே இன்னொரு வாதமும் உண்டு. குதிரைக் குடும்பம் தோன்றியதே வட அமெரிக்காவில்தான், சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே அழிந்து, ஸ்பானியர் கப்பலில் திரும்ப வந்தது, எனவே இது வந்தேறி அல்ல, ஊர் திரும்பிய விலங்கு என்பார்கள். ஆஸ்திரேலியாவில் பிரம்பி என்று பெயர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2018ல் கொசியுஸ்கோ மலைப் பூங்காவின் குதிரைகளை மரபுச் சின்னம் என்று சட்டம் போட்டுக் காத்தது. அதே மாநிலம் 2023ல் அதே பூங்காவில் ஹெலிகாப்டரிலிருந்து அவற்றைச் சுட அனுமதி கொடுத்தது. ஐந்து வருஷத்தில் பொக்கிஷம் பீடையானது. நெடுந்தீவில் இப்படிச் சண்டை இல்லை. அங்கே கவலை வறட்சியில் குதிரை தண்ணீரில்லாமல் சாவதைப் பற்றி. அசாமில் திப்ரு-சைகோவா தேசியப் பூங்காவில் திரிபவை இரண்டாம் உலகப் போரில் ராணுவம் விட்டுப்போன குதிரைகளின் வழி வந்தவை என்று நம்பப்படுகிறது. அங்கே அவை சுற்றுலாக்காரர் தேடிப்போய்ப் பார்க்கிற சங்கதி.

முன்னுரையின் வேலை இந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்வதல்ல. ஆனால் சண்டை இருக்கிறது என்பதை மறைக்கவும் கூடாது. என் இரண்டாம் வரைவில் "சுற்றுச்சூழலுக்குப் பெரும் கேடு விளைவிக்கின்றன" என்று எழுதியிருந்தேன். எங்கே, எதற்கு, யார் அளந்தது? கோடியக்கரைக்கு ஆய்வு இருக்கிறது. அதை வைத்து உலகக் குதிரைகள் எல்லாவற்றையும் குற்றவாளி ஆக்க முடியாது. எடுத்துவிட்டேன். "போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற" என்பதையும் எடுத்தேன், அது நெடுந்தீவுப் பகுதியில் "சொல்லப்படுகிறது" என்ற வாலோடு வரட்டும். இப்போதைக்கு நிற்கும் வடிவம் இது:

"கட்டாக்காலிக் குதிரை என்பது, மனிதர் வளர்த்த குதிரைகளின் வழிவந்து, உரிமையாளரோ பராமரிப்போ இன்றித் திறந்தவெளியில் தானே வாழ்ந்து இனம்பெருக்கும் குதிரை ஆகும். மனிதர் அவிழ்த்துவிட்ட அல்லது கைவிட்ட குதிரைகளிலிருந்தும், அவர்களிடமிருந்து தப்பியவற்றிலிருந்தும் இக்கூட்டங்கள் உருவாயின. பேச்சுவழக்கில் இவை காட்டுக்குதிரை எனப்பட்டாலும், வளர்ப்புக் குதிரையின் அதே இனத்தைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டில் கோடியக்கரை, இலங்கையில் நெடுந்தீவு, அசாமில் திப்ரு-சைகோவா ஆகிய இடங்களிலும், அமெரிக்கா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளிலும் இவை காணப்படுகின்றன. சில இடங்களில் மரபுச் செல்வமாகப் பாதுகாக்கப்படுகின்றன. வேறு சில இடங்களில் அங்குள்ள விலங்குகளோடும் தாவரங்களோடும் மோதுவதால் எண்ணிக்கை குறைக்கப்படுகின்றன."

ஆசிரியர் ஐயா இதிலும் சிவப்பு மை போட்டார். "மோதுவதால்" என்பது பிடிக்கவில்லை, குதிரை செடியோடு எப்படி மோதும் என்கிறார். சரிதான். "மேய்ச்சலுக்குப் போட்டியிடுவதால்" என்று போட்டால் மானுக்குப் பொருந்தும், மிதிபட்டு அழியும் செடிக்குப் பொருந்தாது. இன்னும் யோசிக்கிறேன், யாருக்காவது நல்ல வினைச்சொல் தோன்றினால் எழுதுங்கள். காட்டுக்குதிரை என்று தேடுகிறவர்களை இந்தத் தலைப்புக்கு வழிமாற்றிவிடுவது என்பதில் மட்டும் அவருக்கும் எனக்கும் ஒத்துப்போகிறது.

மகளை உட்கார வைத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். முதல் வாக்கியத்தில் "பராமரிப்போ" என்ற இடத்தில் ஒருமுறை தடுக்கினாள், மற்றபடி போய்விட்டது. முடித்துவிட்டு, "அப்ப அன்னிக்கு நீ தப்பா சொன்னியாப்பா?" என்றாள். ஆமாம் என்றேன்.

"யாரு அவுத்து விட்டாங்க?"

அது கோடியக்கரை பற்றிய பகுதியில் வர வேண்டியது. அதை இன்னும் எழுதவில்லை. வேதாரண்யத்தில் வயசான ஆட்கள் யாரையாவது பார்த்துக் கேட்க வேண்டும், அடுத்த லீவுக்குள்.